அடுப்பு தெரியும் வாசல்

தஞ்சாவூர்க் கட்டடங்களை நான் பார்க்கும் பார்வை நல்ல பார்வை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவக்கல்லூரி சாலையில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு மேலே, இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம். நான் வீட்டுப் பிளான் வரையும் மேஜைக்கு இடப்பக்கம் ஒரு ஜன்னல் இருக்கிறது. பதினான்கு வருஷமாக அந்த ஜன்னல் வழியாக இந்த ஊர் உயர்ந்துகொண்டே போவதைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருக்கிறேன்.

எதிரே ஒரு ஜவுளிக்கடை. முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது வெறும் செங்கல் சுவர். சுவரைக் கட்டிவிட்டு அதன்மேல் கண்ணாடியை ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே நிற்கிறவருக்கு வெளிச்சம் கிடையாது, வெளியே நிற்கிறவருக்குக் கண் கூசும். அதற்கு அடுத்தது ஒரு பல் டாக்டர் வீடு. முன்னால் நான்கு பெரிய தூண்கள், தலைப்பில் பூ வேலைப்பாடு எல்லாம் உண்டு. நான்கும் சேர்ந்து தாங்குவது ஒரு ஏசி பெட்டியை. அந்தப் பக்கம் ‘ரிவர் வியூ’ என்று ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. புது ஆற்றுக்கும் அதற்கும் நடுவே மூன்று தெரு இருக்கிறது, ஆகவே ஆறு தெரிவது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும்தான். கல்யாண மண்டபத்து வாசலில் இரண்டு சிமெண்ட் யானைகள். ஒன்றுக்குத் துதிக்கை உடைந்து மூன்று வருஷம் ஆகிறது. முகூர்த்த நாட்களில் அந்த இடத்தில் ஒரு வாழைமரத்தைக் கட்டி மறைத்துவிடுவார்கள்.

கட்டடத்தைப் பார்த்தால் கட்டியவருடைய மனசு தெரிந்துவிடும் எனக்கு. ஒரே வீட்டுக்கு வெளியே இரண்டு மாடிப்படி இருந்தால் அண்ணன் தம்பிக்குப் பேச்சு வார்த்தை இல்லை. கேமரா தன் கேட்டைப் பார்க்காமல் பக்கத்து வீட்டுக் கேட்டைப் பார்த்தால் அங்கே ஓரடி நிலத்துக்கு வழக்கு நடக்கிறது. மேல்மாடி முழுக்க டைல்ஸ் போட்டுப் பூட்டிக் கிடந்தால், மகன் துபாயில், பெற்றவர்கள் கீழே போர்டிகோவில் ஃபேன் போட்டுப் படுத்திருக்கிறார்கள். ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இப்படித்தான் ஒவ்வொரு வீட்டையும் நாலு வார்த்தை திட்டிக்கொண்டே போவேன். ஹெல்மெட் போட்டிருப்பதால் யாருக்கும் கேட்காது.

ஒன்றை மட்டும் என்னால் திட்ட முடியாது. பின்னால் மாடி எடுக்கலாம் என்று மொட்டைமாடித் தூண்களில் கம்பியை நீட்டி விட்டிருப்பார்களே, அந்தக் கம்பிகளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்கும் தெற்கே, கடலோரம். எங்கள் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் கல்யாணமான பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே பெண் பிறந்த அன்றே தகப்பனுக்கு வீட்டுக் கவலையும் பிறந்துவிடும். அவள் பேரில் ஒரு வீடு எழுப்பியாக வேண்டும். சம்பந்தம் பேச வருகிற மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள், பெண்ணைப் பார்க்க ஐந்து நிமிஷம் செலவழித்தால் வீட்டைப் பார்க்க ஒரு மணி நேரம் செலவழிப்பார்கள்.

என் வாப்பா லியாகத் அலி சவுதியில், தம்மாமில் லாரி ஓட்டினார். பதினெட்டு வருஷம் ஓட்டி என் பேரில் ஒரு வீடு கட்டினார். சின்ன வீடு. பிளான் வரைய யாரையும் வைக்கவில்லை. கோடு போட்ட நோட்டில் அவரே பேனாவால் வரைந்து, லீவில் வரும்போதெல்லாம் கொத்தனாரோடு நின்று கட்டினார். அந்த வீட்டை என் பத்தொன்பதாவது வயதில் பார்க்க வந்தவர்தான் ஆயிஷா மாமி. அவர் மகன் ஜெக்கரியாவுக்கும் எனக்கும் பேசி முடித்து, நிக்காஹ் தேதியும் குறித்தாகிவிட்டது. வீடு பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

தன் தங்கைகள் இருவரோடு வந்தார். நான் உள் அறைக் கதவுக்குப் பின்னால் ரோஸ்மில்க் தட்டோடு நின்றேன். ஆயிஷா மாமி சுவரை மோதிர விரலால் தட்டிப் பார்த்தார். சமையலறை அலமாரியைத் திறந்து மூடினார். பிறகு கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, வாப்பா கேட்கும்படியாகவே தங்கைகளிடம் சொன்னார்.

“கோழிக்கூடால்ல இருக்கு. எம் மவன் இங்கன எங்க காலை நீட்டிப் படுப்பான்?”

தங்கைகள் சிரித்தார்கள். தட்டில் இருந்த ரோஸ்மில்க்கை யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள், சம்பந்தம் வேண்டாம் என்று ஒரு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஊரில் பத்திரிகை கொடுத்து முடித்திருந்தோம்.

வாப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். “மாடி எடுத்துடலாம்மா. மேல ஒரு ரூம்பு போட்டா பெருசாயிடும்” என்றார். ஐம்பத்தாறு வயதில், சர்க்கரையையும் வைத்துக்கொண்டு, மறுபடி தம்மாமுக்குப் போனார். போகும் முன் தூண்களுக்கு மேலே கம்பி நீட்டி விட்டார். இரண்டாம் வருஷம் வண்டியிலேயே நெஞ்சு வலி வந்து இறந்தார். அங்கேயே அடக்கினார்கள். கம்பி மட்டும் எங்கள் மொட்டைமாடியில் துருப்பிடித்து நின்றது.

பிறகு நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ படித்தேன். வீட்டை விற்றுவிட்டு உம்மாவும் நானும் தஞ்சாவூருக்கு வந்தோம். வாங்கியவர் அதை இடித்துவிட்டு வரிசையாக ஆறு கடை கட்டி, செல்போன் கடைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். போய்ப் பார்த்து அழ ஒரு சுவர்கூட மிச்சமில்லை. அதன்பின் எனக்கு இரண்டு மூன்று இடம் வந்தது. வீடு பார்க்க வருவோம் என்று சொன்ன எல்லோரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது எனக்கு நாற்பது வயது.

போன வருஷம் ஆகஸ்டில் ஒரு நாள் என் முதலாளி, என்ஜினீயர் அமிர்தலிங்கம் சார், “ஹஃப்ஸா, நல்ல பார்ட்டி ஒண்ணு வருதும்மா, உங்க பக்கத்து ஆளுங்கதான்” என்றார். கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் ஒரு ஆள் வந்தார், நெற்றி ஏறிய தலை, கையில் இரண்டு போன். அவருக்குப் பின்னால், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஆயிஷா மாமி வந்தார்.

ஆள் இளைத்திருந்தார். முகத்தை நான் மறக்கவில்லை, அந்த மோதிரமும் அதே விரலில் இருந்தது. கம்ப்யூட்டரில் எதையோ சேமிப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

முன்னால் வந்த அந்த ஆள்தான் ஜெக்கரியா, ஷார்ஜாவில் மூன்று சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கிறாராம். ஒரே மகள், தஹ்மீனா, பதினெட்டு வயது. பார்த்திருக்கும் மாப்பிள்ளை தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர். ஆகவே மகளுக்கான வீட்டை ஊரில் கட்டாமல் இங்கே கட்டுகிறார்கள். எங்கள் ஊர் வழக்கம் பஸ் ஏறி நகரத்துக்கும் வந்துவிட்டது. நாஞ்சிக்கோட்டை சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு புது நகரில் நாற்பதுக்கு அறுபது மனை, மேற்குப் பார்த்தது.

“பேரென்னம்மா?” என்று ஆயிஷா மாமி என்னிடம் கேட்டார்.

“ஹஃப்ஸா.”

“எந்த ஊரு?”

“பட்டுக்கோட்டைப் பக்கம், மாமி.”

“அப்ப நம்ம பக்கந்தான். ஒனக்கு நான் எதுவும் சொல்லித்தர வேணாம். பாத்துப் போடு புள்ள. நாளைக்கு வீடு பாக்க வர்றவங்க ஒரு கொறை சொல்லிறக்கூடாது.”

“சரி மாமி” என்றேன். குரல் எனக்கே இனிப்பாகக் கேட்டது. மாமியார் ஆகியிருந்தாலும் இவரை மாமி என்றுதான் கூப்பிட்டிருப்பேன் என்று தோன்றியதும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன். என் கைக்கு ஒரு வீடு வந்திருக்கிறது. ஆயிஷா மாமியும் ஒரு நாள் ஒரு கூடத்தின் நடுவில் நின்று, தன் வீட்டை இன்னொருத்தி வேண்டாம் என்று சொல்வதைக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இருபது வருஷமாக வேறு எதையும் நான் இவ்வளவு ஆசையோடு கேட்டதில்லை.

எப்படிச் செய்வது என்றுதான் யோசனை. கம்பியைக் குறைப்பது, சிமெண்டில் கை வைப்பது எல்லாம் கொலைக்குச் சமம், அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. கழிப்பறைக் கோப்பையைத் தொழுகைத் திசையான கிப்லாவைப் பார்த்துத் திருப்பிப் போடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அஸ்தஃபிருல்லாஹ் என்று சொல்லிவிட்டு அதைக் கைவிட்டேன். எனக்குப் பகை ஆயிஷா மாமியோடு, அல்லாஹ்வோடு இல்லை.

இரண்டு நாளில் வழி கிடைத்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் வாசல், கூடம், கொல்லை மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். தெருவில் நின்றால் கொல்லை மரம் தெரியும். அதுதான் லட்சணம் என்பார்கள். எங்கள் ஊர் வீடுகளில் அது ஆகாது. கதவைத் திறந்ததும் எதிரே ஒரு மறைப்புச் சுவர் நிற்கும், அதைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். வாசலுக்கு வரும் ஆண்கள் கண்ணில் அடுப்படியும் அங்கே வேலையாக இருக்கிற பெண்களும் படக்கூடாது. எங்கள் பக்கத்துக் கொத்தனாருக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஜெக்கரியா வீட்டைக் கட்டப் போகிறவர்கள் இந்த வழக்கம் தெரியாத வல்லத்து ஆட்கள்.

தலைவாசல், கூடத்து வாசல், சமையலறை வாசல் மூன்றையும் நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில் வைத்தேன். சமையலறையில் அடுப்பு மேடையைத் தெருவைப் பார்த்துப் போட்டேன். பின்னால் ஒரு பெரிய ஜன்னல். மேற்குப் பார்த்த மனை என்பதால் ஆனி ஆடிக் காற்று தலைவாசலில் நுழைந்து அந்தக் கோட்டிலேயே நேராகப் போய் அந்த ஜன்னலில் வெளியேறும். திரை போட்டு மறைத்தாலும் காற்று அதைத் தூக்கி எறியும். காற்றுக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டேன்.

அமிர்தலிங்கம் சாருக்கு ஒரே சந்தோஷம். “அந்தக் காலத்து வீடு மாதிரி வாசல்ல நின்னா கொல்லை தெரியுதும்மா. காத்து அள்ளிக்கிட்டுப் போகும்” என்றார். ஜெக்கரியாவுக்குக் கம்ப்யூட்டரில் கலர் படமாகப் போட்டுக் காட்டினேன். துபாய் ஃபிளாட்டுகளில் இப்படித்தான் எல்லாம் திறந்து கிடக்கும், எனக்கு இதுதான் வேண்டும் என்றார். ஆயிஷா மாமி பிளான் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, “எனக்கு இந்தக் கோடெல்லாம் வெளங்காது. நம்ம ஊருப் புள்ள போட்டிருக்கு, சரியாத்தான் இருக்கும்” என்றார். பிளான் படிக்கத் தெரியாதவரை ஏமாற்றுவது பெரிய சாமர்த்தியம் இல்லை. அன்று எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகத்தான் இருந்தது.

வீடு வளர்ந்தது. நான் வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். செங்கல் வரிசை வரிசையாக ஏறும்போது எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒரு நாள் தஹ்மீனா தன் உம்மா சபிஹாவோடு வந்திருந்தாள். மெலிந்த பெண், பேசுவதற்கு முன்னால் சிரித்துவிடுகிறவள்.

“அக்கா, எனக்கு மாடி ரூம்ல ரோட்டைப் பாத்து ஒரு ஜன்னல் வச்சுத் தருவீங்களா? இங்க பஸ்ஸெல்லாம் போகுது. நம்ம ஊர்ல ஒண்ணுமே போகாது.”

வைத்துக் கொடுத்தேன். பிளானில் இல்லாத ஜன்னல், சாரிடம் சொல்லி வைக்கச் சொன்னேன். அவள் மேல் எனக்கு இரக்கம் வந்ததா என்று கேட்டால் வந்தது. அதற்காக வாசலை நகர்த்தவில்லை. எனக்கும் பத்தொன்பது வயதுதான் அப்போது, எனக்காக யாரும் எதையும் நகர்த்தவில்லை.

இந்த ஜூலையில் வேலை முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிற தேதி தெரிந்ததும், ஸ்விட்ச் போர்டுகளைச் சரிபார்க்க வேண்டும் என்று சாரிடம் சொல்லி அந்த நாளையே கேட்டு வாங்கிக்கொண்டேன். போனபோது கூடத்து வாசலில் கனமான மெரூன் திரை தொங்கியது. கதவுகள் மாட்டிய பிறகுதான் ஆயிஷா மாமிக்கு விஷயம் உறைத்திருக்கிறது. சுவரை இடித்துக் கட்ட நேரமில்லாமல் பட்டுக்கோட்டையிலிருந்து திரை தைத்துக் கொண்டுவந்திருக்கிறார். அடியில் கனத்துக்காக வரிசையாக ஈயக் குண்டு வைத்துத் தைத்திருந்தது. நான் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு கூடத்தின் மூலையில் ஒரு போர்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்கு இரண்டு கார் வந்தது. ஆண்கள் நாலைந்து பேரும் டிரைவரும் போர்டிகோவில் நின்றார்கள். மாப்பிள்ளையின் தாயார் பர்வின், நாத்தனாரோடு உள்ளே வந்தார். ஜெக்கரியா தலைவாசல் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து, “வாங்க, வாங்க” என்றார்.

ஆடிக் காற்று எனக்கு உண்மையாக இருந்தது. ஒரே வீச்சில் உள்ளே வந்து, ஈயக் குண்டோடு சேர்த்துத் திரையைத் தூக்கி நிலைக்கு மேலே சுருட்டிப் போட்டது. உள்ளே சபிஹா தலையில் முக்காடு இல்லாமல், வியர்த்துப்போய், தெருவைப் பார்த்து நின்று சமோசா பொரித்துக்கொண்டிருந்தார். போர்டிகோவில் நின்ற அத்தனை ஆண்களும் பார்த்தார்கள். சபிஹா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி ஒளிய இடம் தேடினார். அந்தச் சமையலறையில் ஒளிய இடம் நான் வைக்கவில்லை.

பர்வின் திரும்பித் தெருவைப் பார்த்தார், பிறகு அடுப்பைப் பார்த்தார். “வாசல்ல நிக்கிற டிரைவருக்கு அடுப்புல என்ன வேவுதுன்னு தெரியுதே” என்று அமைதியாகச் சொன்னார்.

ஆயிஷா மாமி கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். “மறைப்பு வச்சிரலாம், ஒரு வாரத்துல வச்சிரலாம்” என்றார்.

“காசு போட்டுப் பெருசா கட்டியிருக்கீங்க. வீட்டுப் பொம்பளைய நெனச்சுக் கட்டலையே” என்றார் பர்வின். மாடி ஏறிப் பார்க்கவில்லை. சர்பத்தை உதட்டில் வைத்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

நான் போர்டின் கடைசி ஸ்க்ரூவை முறுக்கினேன். ஆயிஷா மாமியின் முகத்தை ஆசை தீரப் பார்த்தேன். அதில் வாப்பாவின் அன்றைய முகம் இருந்தது, எனக்கு அது போதவில்லை, இன்னும் கொஞ்சம் பார்த்தேன். கிளம்பும்போது சபிஹா அழுதுகொண்டே ஒரு தட்டில் இரண்டு சமோசா வைத்துக் கொடுத்தார். இரண்டையும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் கழித்து அமிர்தலிங்கம் சார் உச்சுக்கொட்டிக்கொண்டே வந்தார். “அந்தச் சம்பந்தம் தட்டிப்போச்சாம்மா. வீட்டுல ஏதோ கொறையாம். நம்ம வீட்டுல என்னம்மா கொறை?”

“தெரியலையே சார்” என்றேன். அன்று வீட்டுக்குப் போகும்போது உம்மாவுக்குப் பிடிக்கும் என்று கால் கிலோ அசோகா அல்வா வாங்கிக்கொண்டு போனேன். என்ன விசேஷம் என்று கேட்டார். சும்மாதான் என்றேன். வழியில் எந்தக் கட்டடத்தையும் திட்டவில்லை, பல் டாக்டரின் தூண்கள்கூட அன்றைக்குப் பார்க்க அழகாக இருந்தன.

அதற்குப் பத்து நாள் கழித்து ஆயிஷா மாமி தனியாக இரண்டு மாடி ஏறி வந்தார். சார் சைட்டுக்குப் போயிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். மூச்சு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது.

“சார் இல்லையே, மாமி.”

“சாரைப் பாக்க வரல. ஒன்னைத்தான் பாக்க வந்தேன்.” தண்ணீரைக் குடித்துவிட்டுத் தம்ளரை மேஜையில் வைத்தார். “அந்த வாசலுக்கு ஒரு மறைப்புச் சுவர் வைக்க முடியுமான்னு பாத்துச் சொல்லு. வேற எடம் ஒண்ணு வந்திருக்கு. தப்பு எம்மேலதான். மூட்டுவலின்னு ஊர்லயே கெடந்துட்டேன். முன்னாடியே வந்து பாத்திருக்கணும். புள்ள பத்து நாளா அந்த மாடி ரூம்ப விட்டு வரல. சோத்துத் தட்டைக் கதவுகிட்ட வச்சிட்டு வர்றோம்.”

அந்தப் பத்து நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெளியே தட்டு வைக்கும் சத்தம் கேட்கும், நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அது போகட்டும் என்று காத்திருப்போம். தஹ்மீனாவுக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஜன்னல் ஒன்று வைத்துக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை.

ஆனால் தப்பு எம்மேலதான் என்று அவர் சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை. அது நான் செய்தது. இருபத்தொரு வருஷம் காத்திருந்து செய்ததை அவர் எடுத்துத் தன் மூட்டுவலியின் தலையில் போட்டுவிட்டுப் போகப் பார்த்தார்.

“தப்பு ஒங்க மேல இல்ல மாமி. நான்தான் வேணும்னே அப்படி வச்சேன்” என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார்.

“மூணு வாசலையும் ஒரே கோட்டுல வச்சேன். அடுப்பைத் தெருவைப் பாத்து வச்சேன். காத்து வந்தா திரை நிக்காதுன்னும் தெரியும். எல்லாம் தெரிஞ்சுதான் வச்சேன்.”

“ஏம்மா? நாங்க ஒனக்கு என்ன செஞ்சோம்?”

இந்தக் கேள்விக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். நான் லியாகத் அலி மகள் என்றேன். தம்மாம் லியாகத் அலி. தைக்கால் தெருவில் பச்சைக் கதவு போட்ட வீடு. நீங்கள் உங்கள் தங்கைகளோடு வந்தீர்கள், சுவரைத் தட்டினீர்கள், கோழிக்கூடு என்றீர்கள், பத்திரிகை கொடுத்த பிறகு வேண்டாம் என்று ஆள் அனுப்பினீர்கள். என் வாப்பா மாடி எடுக்க வேண்டும் என்று மறுபடி போய் அங்கேயே மவுத்தாகிவிட்டார்.

ஆயிஷா மாமி தலையைக் குனிந்து யோசித்தார். நடிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி, விரலை மடக்கி, உண்மையாகவே தேடினார்.

“ஜெக்கரியாவுக்கு அப்ப ஏழெட்டு வீடு பாத்தோம்மா. புளியமரத்து வீடு ஒண்ணு ஞாபகம் இருக்கு. கெணத்துல தண்ணி உப்புன்னு ஒரு வீடு. பச்சைக் கதவு…” தலையை ஆட்டினார். “எனக்கு வரலையேம்மா.”

“நல்லா யோசிச்சுப் பாருங்க.”

“யோசிக்கிறேன். வரல.”

பழி வாங்கியாயிற்று என்று அசோகா வாங்கித் தின்றவள் நான். பழிவாங்கப்பட்டவருக்கு எதற்கென்றே தெரியவில்லை. எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். கம்ப்யூட்டரைத் தொடவில்லை, ஸ்கேலும் எடுக்கவில்லை. வாப்பாவின் வீட்டைப் பேனாவால் வரைந்தேன். பதினான்கு வருஷத்தில் ஆயிரம் வீடு வரைந்திருப்பேன், இந்த வீட்டை ஒருமுறைகூட வரைந்ததில்லை. வாசல், எதிரே மறைப்புச் சுவர், அதில் விளக்கு வைக்க ஒரு மாடம். வலப்பக்கம் திரும்பினால் கூடம், பன்னிரண்டுக்குப் பத்து. அதை ஒட்டி மாப்பிள்ளைக்கு ஒரு அறை. மூலை திரும்பினால் சமையலறை, பக்கத்திலேயே கிணற்றடி, பெண்கள் குளிக்க மறைவாக ஒரு இடம். ஒரு கோடுகூடத் தப்பாமல் வந்தது.

தாளை அவர் முன்னால் திருப்பி வைத்து, அவர் விரலைப் பிடித்து வாசலில் வைத்தேன். “இதான் வாசல். இப்படியே உள்ள போங்க. அப்பவாவது ஞாபகம் வருதான்னு பாப்போம்.”

நான் ஒவ்வொரு இடமாகச் சொல்லச் சொல்ல அந்த விரல் மெதுவாக உள்ளே போனது. மறைப்புச் சுவரில் இடித்து நின்றது, வலப்பக்கம் திரும்பியது, கூடத்தைச் சுற்றியது. சமையலறைக்குள் போய், அங்கிருந்து வாசலைத் திரும்பிப் பார்ப்பதுபோல ஒரு கணம் நின்றது. ஆயிஷா மாமி தாளைக் கையில் எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“வாசல்ல யாரு நின்னாலும் அடுப்படி தெரியாது. கெணத்தடிக்கும் மறைவாப் போயிட்டு வந்துரலாம். பொம்பளைய நெனச்சு ஒவ்வொண்ணையும் வச்சிருக்காரு. என்னா கச்சிதமான வீடு” என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். “இதப் போயி யாரும்மா வேணாம்னு சொன்னது?”

சற்று முன் நான் சொன்ன வீடும் இந்தத் தாளில் இருந்த வீடும் அவருக்குள் ஒன்றாகவில்லை; தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். தாளைக் கீழே வைக்காமல் என் பதிலுக்குக் காத்திருந்தார்.